பாத்திரத்தின் விளிம்பில் ஒரு பெயர்: பைராம் தோட்டமும் பழைய சாமான் விற்பனையும்

ஆசிரியர்களே, மாணவர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் உங்கள் தாமானில் யாராவது வீட்டு வாசலில் மேசை போட்டுப் பழைய சாமான் விற்றால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பாய் விரித்திருப்பார்கள். ஒரு பக்கம் பிள்ளைகளின் பழைய சைக்கிள், காற்றாடி, காலண்டர் படம். இன்னொரு பக்கம் குசினிச் சாமான்: கைப்பிடி போன பிளண்டர், யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த கண்ணாடித் தம்ளர் செட், மூடி இல்லாத எவர்சில்வர் டப்பா, அதற்குப் பின்னால் கறுத்துப்போன ஒரு பித்தளைக் குண்டான். "எது எடுத்தாலும் ஐந்து வெள்ளி" என்று அட்டையில் எழுதியிருக்கும். பாட்டி இறந்து ஆறு மாதம் ஆகியிருக்கும், அல்லது அடுக்குமாடிக்குக் குடிபோகிறார்கள். "இதெல்லாம் இனி யாரு புழங்கப் போறா, இடத்தைத்தான் அடைக்குது" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை.

அந்தக் குண்டானைக் கையில் எடுத்து விளிம்புக்குக் கீழே பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளால் குத்திய எழுத்து இருக்கலாம். ஒரு பெயர் அல்லது வெறும் தலைப்பெழுத்து. சில வேளை ஊர், சில வேளை தேதி. பாத்திரத்தில் பெயர் பொறிப்பது நம்மவர்களின் பழைய வழக்கம். கல்யாணத்துக்கோ, சடங்குக்கோ, புதுமனை புகுவதற்கோ பாத்திரம் கொடுத்தால் கடையிலேயே பெயர் குத்தி வாங்குவார்கள். ஒரு வீட்டு விசேஷத்துக்குப் பத்து வீட்டுப் பாத்திரம் இரவல் போகும். எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு எது யாருடையது என்று தெரிய வேண்டுமே! அதற்கும் அந்தப் பெயர் வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்தப் புள்ளி எழுத்தைப் பற்றியது. தோட்டத்து மக்கள் தங்கள் செலவில், தங்கள் பெயரைத் தாங்களே எழுதிவைத்த பொருள்கள் மிகக் குறைவு. அவற்றில் பாத்திரம் ஒன்று. அது இப்போது கிலோ கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது.

உதாரணத்துக்கு ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். பைராம் தோட்டம். ஜார்ஜ்டவுனிலிருந்து கடல் தாண்டி, செபராங் பிறையின் தெற்கே, நிபோங் திபால் பக்கம். கலிடோனியா, விக்டோரியா தோட்டங்களும் அதே வட்டாரம்தான். 99 கதவு மாளிகை என்று மாணவர்கள் யூடியூபில் பேய்க்கதையாகப் பார்ப்பீர்களே, அது கலிடோனியாவில் இருக்கிறது. அந்த மாளிகையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு லயத்து வீடுகளைப் பற்றி நமக்குத் தெரியாது. பேயாவது வீடியோவில் வருகிறது, லயத்துக் குசினி அதிலும் வருவதில்லை.

பைராம் என்ற பெயர் இங்கே பிறந்ததல்ல. இந்த வட்டாரத்துத் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கு கரும்புத் தோட்டக் கம்பெனியின் கீழ் இருந்தன. அதன் பின்னால் இருந்தது இங்கிலாந்தின் ராம்ஸ்டன் குடும்பம். யார்க்‌ஷர் மாவட்டத்தில் அந்தக் குடும்பத்தின் மாளிகைக்குப் பெயர் பைராம் ஹால். கரும்பு வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்கள் வந்தார்கள். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது, கங்காணி முறையில் ஆள் வருவது தொடர்ந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பிறகு இந்த வட்டாரம் முழுக்கச் செம்பனை. பயிர் மாறியது, கம்பெனிப் பெயர் மாறியது, தோட்டத்தின் பெயர் மட்டும் பைராம் என்றே நின்றது. இந்தத் தோட்டங்களின் நிர்வாகப் பதிவுகளைப் படித்துத்தான் லின் ஹாலன் லீஸ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் பிரிட்டிஷ் மலாயாவின் தோட்ட வாழ்வைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார், 2017இல் வெளிவந்தது. கவனியுங்கள், நிர்வாகப் பதிவுகள். துரை எழுதியது, கிராணி எழுதியது. செக்ரோலில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தால் அது அவள் எத்தனை நாள் வேலைக்கு வந்தாள் என்று காட்டும். அவள் வீட்டில் என்ன வைத்திருந்தாள் என்று காட்டாது.

சரி, அந்த வீட்டில் என்ன இருந்தது? லயத்து வீட்டின் பின்பக்கக் குசினியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வயதானவர்கள் இன்னும் சொல்லுவார்கள். ரப்பர் விறகு எரியும் அடுப்பு, அதன் மேல் மண்சட்டி. தண்ணீர் பிடிக்க மண்ணெண்ணெய் டின், வாயைச் சுற்றி வெட்டி, குறுக்கே கட்டை அடித்தது. காலையில் பிரட்டுக்குப் போகும்போது கையில் தேத்தண்ணித் தூக்கு. வெள்ளை எனாமல் பூசி நீல விளிம்பு வைத்த தகர மங்கு. அதில் தேத்தண்ணியும் குடிக்கலாம், சோறும் போட்டுச் சாப்பிடலாம். சிரட்டை அகப்பை. வாசலில் அல்லது குசினி மூலையில் அம்மி. இவை எல்லாம் புழங்குகிற சாமான். இவற்றில் யாரும் பெயர் பொறிப்பதில்லை, எனாமலில் பொறிக்கவும் முடியாது, உடைந்துவிடும்.

பெயர் பொறித்தவை வேறு. பித்தளைக் குடம், செம்பு, வெண்கலப் பானை, குத்துவிளக்கு, தாம்பாளம். இவை பரணில் அல்லது பெட்டிக்குள் இருக்கும். பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் இறங்கும். புளி போட்டுத் தேய்த்தால் தங்கம் மாதிரி மின்னும். ஆனால் அதே பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும், அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும். ஈயம் பூசுகிறவர் வருவது நின்றுபோனதும் பித்தளைப் பாத்திரம் சமையலைவிட்டு மெல்ல விலகி, அழகுக்கு மட்டும் நின்றது. அந்த இடத்தைப் பிடித்தது அலுமினியம், அப்புறம் எவர்சில்வர். (எவர்சில்வருக்கும் யார்க்‌ஷருக்கும் ஒரு தொடர்பு உண்டு. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913இல் உருவாக்கியது அந்த மாவட்டத்து ஷெஃபீல்டு நகரில்தான்.) நல்லவேளை, எவர்சில்வரிலும் பெயர் பொறிக்கலாம். பித்தளையில் உளியும் சுத்தியலும், எவர்சில்வரில் பெரும்பாலும் மின்சாரக் கருவி. எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே காலத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

இந்தப் பாத்திரங்கள் சீர்வரிசையாக வந்தவை. அதாவது, பெண்ணின் சொத்து. வீடு கம்பெனியுடையது. மரம் கம்பெனியுடையது. மாடு, கோழி வைத்திருந்தால் அது குடும்பத்துக்கு. ஒரு தோட்டத்துப் பெண் "இது என்னுது" என்று சொல்லக்கூடியவை கழுத்திலும் காதிலும் கிடந்த நகை, அடுத்தது இந்தப் பாத்திரம். நகையை உருக்கலாம், அடகு வைக்கலாம், அதில் பெயர் இருக்காது. பாத்திரத்தில் இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி கேட்பீர்கள். வேண்டாத சாமானை விற்பது என்ன பெரிய விஷயம்? அமெரிக்கப் புறநகரில் கார் கொட்டகையில் வைத்து விற்ற பழக்கம், இங்கே தாமான் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதானே? நம் வீடுகளில் அது அவ்வளவு லேசாக இருந்ததில்லை. "அண்டா குண்டாவையெல்லாம் வித்துட்டான்" என்றால் தமிழில் என்ன அர்த்தம்? வேண்டாததை விற்றான் என்றா? நொடித்துப்போனான் என்று அர்த்தம். பாத்திரம் வாசலைத் தாண்டி வெளியே போவது வீழ்ச்சியின் அடையாளம். தமிழ்நாட்டுத் தெருவில் பாத்திரக்காரர் பழைய துணி வாங்கிக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுப்பார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்களும் உண்டு. துணி போகும், இரும்பு போகும், பாத்திரம் உள்ளே வரும். திசையைக் கவனித்தீர்களா?

சட்டத்துக்கும் இது தெரிந்திருக்கிறது. இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, கடனுக்காக ஒருவருடைய சொத்தை ஜப்தி செய்யும்போது எவற்றைத் தொடக்கூடாது என்று சொல்கிறது. உடுத்தும் துணி, படுக்கை, அவற்றோடு சமையல் பாத்திரம். கடன்காரன் எல்லாவற்றையும் எடுக்கலாம், சோறு வடிக்கும் பானையை எடுக்கக்கூடாது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்தான், ஆனால் ஒரு குடும்பம் எந்த இடத்தில் குடும்பமாக நிற்கிறது என்பது அதில் தெரிகிறது.

ஆக, தோட்டத்து வீட்டிலிருந்து பாத்திரம் வெளியே போயிருந்தால் அந்தக் காலத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். எப்போதெல்லாம் நடந்தது? மாணவர்கள் பாடநூலில் படிக்கிற ஆண்டுகள்தான்.

உலகப் பொருளாதார மந்தம். 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் பல பகுதிகளில் தமிழ்த் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் அது 40ஆகவும் 32ஆகவும் குறைக்கப்பட்டது. அதுவும் வேலை இருந்தவர்களுக்கு. ரப்பர் விலை விழுந்து வேலை போனவர்களை அரசு ஊருக்குத் திருப்பி அனுப்பியது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இப்படிக் கப்பலேறினார்கள். கப்பலில் எவ்வளவு சாமான்தான் கொண்டுபோக முடியும்?

அடுத்து, ஜப்பானியர் காலம். 1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது, அந்த மாதமே தீவு ஜப்பானியர் கைக்குப் போனது. ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கு. வாழைமர நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்புப் போனது. தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டில் மிஞ்சியவர்கள் கையில் இருந்ததைக் கொடுத்துத் தின்பதற்கு வாங்கினார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தக் காலத்துக் கதையைக் கேட்டு வைத்திருந்தால், "அப்போ வீட்டுல எதை வித்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். போர் பற்றிக் கேட்டால் குண்டு, தலைவெட்டு என்று பொதுவாகச் சொல்லுவார்கள். எதை விற்றார்கள் என்று கேட்டால் ஒரு பொருளின் பெயரைச் சொல்லுவார்கள். அங்கிருந்து கதை வரும்.

பிறகு தோட்டத் துண்டாடல். 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் போனது, குடியிருந்த வீடும் போனது. இதை எதிர்கொள்ளத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டத் தொழிலாளி கட்டிய அந்தப் பத்துப் பத்து வெள்ளியில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அந்த மாதம் பத்து வெள்ளி வீட்டில் எங்கிருந்து வந்தது என்பது ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு. யாருக்காவது எஸ்.டி.பி.எம். பணித்திட்டத்துக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக 1969. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனது. பல ஆண்டு இங்கேயே உழைத்தும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். பினாங்குத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போன ராஜுலா கப்பல் 1973 வரை ஓடியது. போனவர்கள் கொண்டுபோன பெட்டியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். விட்டுப்போன குசினியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போன குடம் இன்னும் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் இருக்கலாம். அதில் உள்ள பெயர் இந்த வீட்டு ஆட்கள் யாருடையதும் இல்லையே என்று நீங்கள் குழம்பலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ராம்ஸ்டன் குடும்பமும் விற்றது. யார்க்‌ஷரில் ஹடர்ஸ்ஃபீல்டு என்று ஒரு நகரம், அதன் நிலத்தில் பெரும்பகுதி அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். 1920இல் அதை அந்த நகராட்சிக்கே 13 லட்சம் பவுனுக்கு விற்றார்கள். பைராம் ஹாலையும் அந்தப் பத்தாண்டிலேயே கைவிட்டார்கள், பிறகு அது பாழடைந்தது. இங்கிலாந்தில் இப்படிப் பெரிய வீடுகள் காலியாகும்போது ஏலம் போடுவார்கள். ஏலத்துக்கு முன் அச்சடித்த பட்டியல் வரும். வரவேற்பறை ஓவியம் முதல் சமையலறைச் செம்புச் சட்டிவரை ஒவ்வொன்றுக்கும் எண், அளவு, விவரம். வீடு இடிந்துபோனாலும் அந்தப் பட்டியல் நூலகத்தில் இருக்கும், ஆய்வாளர்கள் அதை வைத்து அந்த வீட்டை அறை அறையாக மறுபடி கட்டி எழுதுவார்கள். விற்பது அங்கே வரலாற்றை அழிக்கவில்லை, வரலாற்றுக்கு ஒரு ஆவணத்தைக் கொடுத்தது. வித்தியாசம் விற்பதில் இல்லை, விற்கும் முன் எழுதிவைத்ததில் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஜார்ஜ்டவுனுக்கே போங்கள். சர்ச் ஸ்ட்ரீட்டில் உள்ள பினாங்கு பெரானாக்கான் மாளிகையில் நியோன்யா வீட்டு அடுக்குத் தூக்குகளையும் பீங்கானையும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. அதே எனாமல் தூக்கு ரப்பர் மரத்தடியில் வைக்கப்பட்டு, அடி நசுங்கி, பாலும் மண்ணும் பட்டிருந்தால் அதற்குக் கண்ணாடி கிடைக்குமா?

அது போகும் வழி வேறு. காலையில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு பேப்பர் லாமா லாரி வரும். பழைய தாள், இரும்பு, பித்தளை, பேட்டரி எல்லாம் ஒரே தராசு. சில சாமான் அங்கிருந்து தப்பி ஜார்ஜ்டவுனின் பழம்பொருள் சந்தைக்குப் போகும். முன்பு ரோப் வாக் தெருவில் இருந்தது, பிறகு லோரோங் கூலிட் பக்கம் விளையாட்டரங்கை ஒட்டிய இடம். அங்கே போய்ப் பார்த்தால் ஒரு நகரம் தன்னைத் தானே காலி செய்துகொள்வது போல இருக்கும். 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் பலர் வெளியேற வேண்டி வந்தது. நகரத்துத் தமிழர்களும் அதில் உண்டு. 2008இல் யுனெஸ்கோ அந்தக் கட்டடங்களை உலக மரபுடைமை என்று அறிவித்தபோது, உள்ளே புழங்கிய சாமான்களில் பலதும் ஏற்கெனவே போய்விட்டிருந்தன.

விற்காமல் போனது? குப்பைக்கு. பினாங்கின் வீட்டுக்குப்பை, தீவில் சேர்ந்ததும்கூட, கடைசியில் போய்ச் சேரும் இடம் பூலாவ் பூரோங் குப்பைமேடு. 2022 ஜனவரியில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்ததே, அதேதான். அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். நிபோங் திபால், பைராம் வனக்காப்புப் பகுதி. பைராம் என்று ஆங்கிலத்தில் தேடினால் இன்று அதிகம் கிடைப்பது தோட்டத்தைப் பற்றிய கட்டுரை அல்ல, குப்பைநீர் கசிவைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை. பைராம் தோட்டத்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குக் கட்டிக்கொண்டு போன ஒரு மகளின் சீர்ச் சாமான், இரண்டு தலைமுறை கழித்து அந்தப் பக்கமே குப்பையாகத் திரும்பி வர முடியும். எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

ஒன்றையும் விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அடுக்குமாடி வீட்டில் அண்டாவை எங்கே வைப்பது? தேவைப்பட்டவர் வாங்கிப் புழங்கினால் பாத்திரத்துக்கும் நல்லது. கேட்பது ஒன்றுதான்: விற்கும் முன் படித்து எழுதிவையுங்கள்.

எப்படிப் படிப்பது? மாதிரிக்கு ஒரு பொறிப்பை நானே உருவாக்கித் தருகிறேன், வகுப்பில் பயிற்சியாகச் செய்யலாம். குடத்தின் கழுத்தில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "ரா. மு. பைராம் தோ. 9.2.64". மூன்றே துண்டு. முதலில் தேதி. 1964 பிப்ரவரி 9 என்ன கிழமை? பழைய நாட்காட்டியைத் தேடினால் ஞாயிறு. தமிழ் மாதம் தையின் கடைசி நாள்கள். தை, ஞாயிறு இரண்டும் சேர்ந்தால் கல்யாணமாக இருக்க வாய்ப்பு அதிகம், தோட்டத்தில் ஞாயிறுதான் பிரட்டு இல்லாத நாள். மலேசியா உருவாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை, இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்த நேரம். அடுத்து "பைராம் தோ." இது கொடுத்தவர் ஊரா, வாங்கிக்கொண்டவர் ஊரா? பொறிப்பு மட்டும் சொல்லாது. குடம் இப்போது வேறு தோட்டத்துக் குடும்பத்தில் இருந்தால், பெண் பைராமிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருக்கலாம். "ரா. மு." பெண்ணின் பெயரா, அவள் அப்பாவின் பெயரா, தாய்மாமனா? இங்கேதான் வீட்டுப் பெரியவரிடம் போக வேண்டும். பொருள் கேள்வி கேட்கிறது, வாய்மொழி பதில் சொல்கிறது, செக்ரோலோ பள்ளிச் சேர்க்கைப் பதிவேடோ கிடைத்தால் அது சரிபார்க்கிறது. தேர்வில் முதல்நிலைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று என்று மனப்பாடம் செய்கிறோமே, அதன் உயிர் இதுதான். எஸ்.பி.எம். வரலாற்றில் 2013 முதல் தேர்ச்சி கட்டாயம் என்பதால் பிள்ளைகள் பயந்து பயந்து படிக்கிறார்கள். ஒரு குடத்தைக் கையில் கொடுத்துத் தொடங்கினால் அந்தப் பயம் கொஞ்சம் குறையும்.

பெயர் இல்லாத சாமானும் பேசும். எனாமல் மங்கையும் பீங்கானையும் கவிழ்த்து அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். நாட்டின் பெயரே காலத்தைச் சொல்லிவிடும். செக்கோஸ்லோவாகியா என்றால் 1918க்கும் 1992க்கும் இடையில். மேற்கு ஜெர்மனி என்றால் 1949க்குப் பிறகு, 1990க்குள். "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்" என்று ஆங்கிலத்தில் இருந்தால் போருக்குப் பிந்திய ஏழெட்டு ஆண்டுக்குள் அடக்கிவிடலாம். நம்மை ஆக்கிரமித்த நாடு தானே ஆக்கிரமிக்கப்பட்டு மங்கு செய்து விற்ற காலம்! அரிசி அளக்கிற பாத்திரம் கிடைத்தால் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். ஒரு காந்தாங் என்பது ஒரு பிரிட்டிஷ் காலன், ஏறக்குறைய 4.5 லிட்டர். அதில் நான்கில் ஒன்று சுப்பாக். அந்த அளவோடு ஒத்துப்போனால் மெட்ரிக் முறைக்கு முந்திய சாமானாக இருக்கலாம்.

பதிவு செய்ய வசதி ஒன்றும் பெரிதாக வேண்டாம். பொறிப்பின் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேயுங்கள், புள்ளிகள் தாளில் இறங்கும். கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுக்கிறார்களே, அதன் எளிய வடிவம். கைப்பேசியில் படம் எடுப்பதென்றால் விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள், குழியில் நிழல் விழுந்து எழுத்துத் தெரியும். உயரம், வாய் அகலம், எடை குறித்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இந்தக் கடைசி வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள், அது இல்லாமல் மற்றது எதற்கும் பயன்படாது. வீட்டாரின் அனுமதி இல்லாமல் பெயரோடு படத்தை வெளியில் போட வேண்டாம்.

பல தோட்டங்கள் மறைந்த பிறகும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்பவை நம் தமிழ்ப்பள்ளிகள்தான். அந்தப் பள்ளிகளில் ஒரு கோப்பு, ஒரே ஒரு கோப்பு, இப்படி இருந்தால் போதும். முப்பது மாணவர், வீட்டுக்கு ஒரு பாத்திரம், முப்பது தாள். கோயில் அண்டாவில் "உபயம்" என்று பொறித்திருப்பதை மறக்க வேண்டாம். தோட்டத்துக் கோயில் இடம் மாறும்போது சாமியை எல்லாரும் பார்ப்பார்கள், அண்டா கடைசி லாரியில்தான் ஏறும், சில வேளை ஏறாது.

விற்பனைக்கு வைக்கிற நாளில் இன்னும் ஒன்று. பொறிப்பைப் படி எடுக்கும் முன் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்காதீர்கள், பல ஆண்டு தேய்ந்த புள்ளியில் அழுக்கு இருந்தால்தான் எழுத்து எடுப்பாகத் தெரியும். விலைச் சீட்டையும் எழுத்தின் மேல் ஒட்டாதீர்கள். வாங்கிக்கொண்டு போகிறவரும் அதைப் படிக்கட்டும்.